தைலம் தடவினால் ஏன் குளிர்கிறது?

பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் மருந்துக் கடைகளில் ஏதேனும் ஒன்றில் சற்று நின்று பாருங்கள். விலை உயர்ந்த மருந்துகள் எல்லாம் உள்ளே அலமாரியில் இருக்கும். ஆனால் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில், சின்னச் சின்னப் புட்டிகள் வரிசையாக நிற்கும். மஞ்சள் நிற அமிர்தாஞ்சன், பச்சை நிறக் கோடாலித் தைலம், புலிப் படம் ஒட்டிய அறுகோணக் கண்ணாடிக் குப்பி. சிமெண்டு மூட்டை சுமப்பவர், நாள் முழுவதும் கணிப்பொறி முன் குனிந்திருப்பவர், கபடியில் தோளைப் பிசகிக் கொண்ட மாணவன், முழங்கால் வலிக்கும் பாட்டி என்று எல்லோருக்கும் பொதுவான மருந்து இது.

தடவியவுடன் முதலில் சில்லென்று குளிர்கிறது. சிறிது நேரம் கழித்து அதே இடம் கதகதப்பாகிறது. சிலருக்கு எரியவும் செய்கிறது. ஒரே பொருள் எப்படிக் குளிரையும் வெப்பத்தையும் தர முடியும்? இது வெறும் பிரமையா? வலி உண்மையிலேயே குறைகிறதா, அல்லது குறைந்ததுபோல் தோன்றுகிறதா? மருந்தைப் பற்றி எழுத இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். குளிர், வெப்பம், உருகுதல், ஆவியாதல் ஆகிய நான்கும் எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பவைதாம்! அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ரங்கூனில் பிறந்த புலி

முதலில் புலிக் குப்பியின் கதை. சீனாவின் பூஜியன் மாநிலத்தைச் சேர்ந்த ஆ சூ கின் என்ற மூலிகை வைத்தியர் 1870களில் பர்மாவின் ரங்கூன் நகரில் 'எங் ஆன் டோங்' என்ற மருந்துக் கடையைத் திறந்தார். அவர் 1908 இல் மறைந்தபின், அவருடைய மக்கள் ஆ பூன் ஹாவ், ஆ பூன் பார் இருவரும் வலி நீக்கும் களிம்பு ஒன்றைச் செம்மைப்படுத்தி விற்றனர். 'ஹாவ்' என்றால் சீன மொழியில் புலி. அண்ணனின் பெயரே மருந்தின் பெயராயிற்று! மற்றபடி அந்தக் களிம்பில் புலியின் கொழுப்போ எலும்போ எதுவும் கிடையாது. 1926 இல் சகோதரர்கள் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தனர். 'டைகர் பாம்' உலகெங்கும் பரவியது.

அக்காலத்து ரங்கூன், தமிழர் பெருந்திரளாக வாழ்ந்த நகரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1960களில் பர்மாவை விட்டுத் திரும்பியவர்களின் வாழ்வுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே தோன்றிய பர்மா பஜாரில், வெளிநாட்டுச் சரக்குகளோடு இத்தகைய தைலங்களும் விற்பனையாயின. கோடாலித் தைலமும் சிங்கப்பூர்ச் சரக்கே. 1928 இல் அங்கே லியுங் யுன் சீ என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஊரில் யாராவது சிங்கப்பூரிலிருந்து வந்தால் உறவினருக்கெல்லாம் ஆளுக்கொரு புட்டி கொடுப்பது இன்றும் பல வீடுகளில் வழக்கம்.

நம்முடைய அமிர்தாஞ்சன் இவற்றுக்குத் தம்பி அல்ல. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்ற ஆந்திரப் பெரியவர் 1893 இல் பம்பாயில் அதைத் தொடங்கினார். பின்னர் சென்னைக்கு வந்தது. அவர் 'ஆந்திர பத்திரிகா' என்னும் செய்தித்தாளை நடத்தியவர். விடுதலைப் போராட்ட வீரர். மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கியதே. அங்கே காலையில் நடக்கும் முதியவர்களில் பலர் அந்தப் பெயருக்கும் தம் சட்டைப் பையில் உள்ள குப்பிக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்ப்பார்களோ, என்னவோ!

பத்துக் கரி அணுக்கள்

இந்தப் புட்டிகளின் மேலுறையில் உள்ள சிறு எழுத்துகளைப் பூதக் கண்ணாடி வைத்துப் படியுங்கள். படம் வேறு, நிறம் வேறு, நாடு வேறு. ஆனால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பொருள்கள்: கற்பூரம், மெந்தால் என்னும் புதினா உப்பு, யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், மெதில் சாலிசிலேட்டு. சிங்கப்பூர் டைகர் பாமில் கால் பங்கு கற்பூரமே.

வேதியியல் படித்தவர்கள் இதைக் கவனியுங்கள். கற்பூரத்தின் மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள். இன்னும் இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்தால் போர்னியால். பழைய நாளில் போர்னியோவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் வந்த கற்பூரம் அதுதான். மேலும் இரண்டு சேர்ந்தால், அதாவது 20 ஹைட்ரஜன் ஆனால், மெந்தால். மூன்றும் நெருங்கிய உறவினர். செடிகொடிகள் பூச்சிகளை விரட்டத் தமக்கென்று செய்துகொண்ட மணப் பொருள்களை மனிதன் தன் முதுகில் தடவிக்கொள்கிறான்.

இந்த வணிகத்தில் தமிழருக்குப் பழைய பங்கு உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம் கற்பூரத்துக்குப் பெயர் பெற்றது. அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873 இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. எழுத்தும் மொழியும் தமிழ்! கி.பி. 1088 இல் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. சீன வைத்தியர் ரங்கூனில் கடை திறப்பதற்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, கற்பூரக் கரையில் நம்மவர் கால் பதித்திருந்தனர்.

மெந்தாலில் இன்று இந்தியா முதலிடத்தில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி வட்டாரத்தில் வயல் வயலாகப் புதினா பயிராகி, அங்கேயே எண்ணெய் வடிக்கப்படுகிறது. மெதில் சாலிசிலேட்டோ நம் நீலகிரியில் தானாக வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து வடிப்பது. ஊட்டிக் கடைகளில் 'விண்டர்கிரீன்' தைலம் என்று கேட்டால் கொடுப்பார்கள். எனினும் பெரும் நிறுவனங்கள் இக்காலத்தில் பயன்படுத்துவது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்பட்டதே.

இரண்டு சோதனைகள்

வகுப்பில் செய்யக் கூடிய ஒரு சோதனை. ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். சுவைத்துப் பார்க்க வேண்டாம், கையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு வாங்குங்கள். தூய கற்பூரமும் வேண்டும். புதினா உப்பு 42 டிகிரி செல்சியசில் உருகும். கற்பூரமோ 175 டிகிரிக்கு மேல்தான் உருகும். இரண்டும் திண்மங்கள், இரண்டும் உலர்ந்தவை. இவற்றைச் சம அளவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டுக் கிளறுங்கள். தீ வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சில நிமிடங்களில் கிண்ணத்தில் எண்ணெய் போன்ற நீர்மம் நிற்கும்!

எப்படி நேர்ந்தது? ஒவ்வொரு படிகத்திலும் ஒரே வகை மூலக்கூறுகள் படைவீரர்போல் அணிவகுத்து நிற்கின்றன. வேற்று மூலக்கூறு இடையில் புகும்போது அணி குலைகிறது. குறைந்த வெப்ப நிலையிலேயே உருகிவிடுகிறது. இத்தகைய கலவையை 'யூட்டெக்டிக்' என்பர். எளிதில் உருகும் கலவை என்று நாம் சொல்லலாம். குல்பி விற்பவர் பனிக்கட்டியில் உப்பைப் போடுவதும் இதே காரணத்தால்தான். உப்புக் கலந்த பனிக்கட்டி பூச்சியத்துக்கு 21 டிகிரி கீழே வரையிலும் நீர்மமாக இருக்க முடியும். வானொலிப் பெட்டி பழுது பார்ப்போர் பயன்படுத்தி வந்த ஈயப் பற்றாசும் அப்படியே. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 இல். இரண்டையும் தக்க அளவில் கலந்தால் 183 டிகிரி போதும்.

வடஇந்தியாவிலும் நம் ஊர்களிலும் அமிர்ததாரை என்று விற்கும் மருந்து, கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு மூன்றும் இப்படித் தாமே உருகிச் சேர்ந்த நீர்மம்தான். ஆக, தைலம் காய்ச்சிய பழைய வைத்தியர்கள் 'யூட்டெக்டிக்' என்ற பெயரைக் கேட்டதில்லையே தவிர, அந்த வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. களிம்பில் இதனுடன் பெட்ரோலிய மெழுகைச் சேர்க்கிறார்கள். மணப் பொருள்கள் ஒரேயடியாகப் பறந்துவிடாமல் தோலின்மீது நிறுத்திவைப்பது மெழுகின் வேலை. மூடியைத் திறந்து வைத்த புட்டியின் வீரியம் குறைவதற்குக் காரணம் அவை சிறுகச் சிறுக ஆவியாகிவிடுவதே.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. ஆய்வுக்கூட வெப்பமானி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஸ்பிரிட்டு நனைத்த பஞ்சைச் சுற்றுங்கள். இன்னொன்றின் குமிழில் களிம்பை மெல்லப் பூசுங்கள். மூன்றாவதைச் சும்மா விடுங்கள். ஸ்பிரிட்டு ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் முதல் வெப்பமானி சில டிகிரிகள் இறங்கிவிடும். களிம்பு பூசியதோ அறையின் வெப்ப நிலையை விட்டு அசையாது. ஆனால் அதே களிம்பை நெற்றியில் பூசினால் சில்லென்கிறது. வெப்பமானி பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொல்வது யார்?

நரம்பை ஏமாற்றும் சாவி

நம் தோலில் உள்ள நரம்பு நுனிகளில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை புரதத்தால் ஆனவை. வெப்ப நிலை மாறும்போது திறந்து, கால்சியம், சோடியம் ஆகிய மின்னேற்றம் பெற்ற அயனிகளை உள்ளே விடும். உடனே ஒரு மின் துடிப்பு மூளையை நோக்கிப் புறப்படும். அமெரிக்காவில் டேவிட் ஜூலியசின் ஆய்வுக் குழு 1997 இல் முதல் வாயிலைக் கண்டுபிடித்தது. அதற்கு அவர்களுக்குத் துணையாக இருந்தது எது தெரியுமா? மிளகாய்! மிளகாயின் உறைப்புப் பொருளான காப்சைசின் எந்த வாயிலைத் திறக்கிறது என்று தேடினார்கள். 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தால் திறக்கும் வாயிலும் அதுவே என்று தெரிந்தது. வெந்நீர் பட்டாலும் மிளகாய் பட்டாலும் ஒரே மணி அடிக்கிறது. ஆங்கிலத்தில் சூட்டுக்கும் உறைப்புக்கும் ஒரே சொல். தமிழில் சொற்கள் வேறு. ஆனால் மிளகாயைக் கடித்ததும் நாமும் 'வாய் எரிகிறது' என்றுதானே கத்துகிறோம்?

2002 இல் குளிருக்கான வாயில் கிடைத்தது. ஜூலியசும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே அதைக் கண்டனர். ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே வந்தால் திறக்கும் அந்த வாயிலை மெந்தாலும் திறக்கிறது. வெப்பம், தொடுகை பற்றிய இத்தகைய கண்டுபிடிப்புகளுக்காக இருவருக்கும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மெந்தால் செய்வது பூட்டுக்குக் கள்ளச் சாவி போடும் வேலை. சரியாகச் சொன்னால், வாயில் திறக்கும் எல்லையை அது மேலே தள்ளிவிடுகிறது. நம் தோல் சாதாரணமாக 33 டிகிரி அளவில் இருக்கும். மெந்தால் பட்டபின் அந்த 33 டிகிரியே குளிர் என்று பதிவாகிறது. தைலம் தடவிக்கொண்டு மின்சார ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் வெறும் காற்றே பனிக் காற்றுபோல் வீசுவது இதனால்தான். கற்பூரமோ வெப்பத்துக்கான வாயில்களைத் திறக்கிறது. கிராம்பு, லவங்கப்பட்டைத் தைலங்களும் தோலை உறுத்தும். அவ்விடத்தின் சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது. குளிரும் கதகதப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விந்தை இதுதான்.

தேய்ப்பதால்தான் சூடு வருகிறது என்று சிலர் சொல்வர். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கையை 10 நியூட்டன் விசையால் அழுத்துவதாகக் கொள்வோம். உராய்வுக் கெழு 0.5 என்றால் உராய்வு விசை 5 நியூட்டன். பத்துச் செண்டிமீட்டர் தூரம் முன்னும் பின்னுமாக மொத்தம் 200 இழுப்புகள் என்றால், செய்த வேலை 5 × 0.1 × 200 = 100 ஜூல். இந்த வெப்பம் முழுவதும் 100 கிராம் தசைக்குள் பரவினால், தசையின் வெப்ப எண் கிராமுக்குச் சுமார் 3.5 ஜூல் என்று கொள்ள, வெப்ப நிலை உயர்வு 0.3 டிகிரிகூட இல்லை! களிம்பு வழுக்குவதால் உண்மையில் இன்னும் குறைவே. மேல் தோலில் கணநேரம் சூடு தோன்றலாம். உள்ளே இருக்கும் மூட்டை அது தொடாது.

ஆனால் தேய்ப்பதில் வேறொரு பயன் உண்டு. கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டால் உடனே குனிந்து தேய்க்கிறோம் அல்லவா? தொடுகைச் செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தடித்தவை. நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகம். நீடித்த மந்தமான வலியைக் கொண்டுசெல்பவை மெல்லியவை. நொடிக்கு 1 மீட்டரே. காலிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு மீட்டர் என்றால், இடித்த செய்தி ஐம்பதில் ஒரு நொடியில் போய்விடும். மந்த வலி ஒரு நொடி கழித்தே வந்து சேரும். அடுத்த முறை இடித்துக்கொள்ளும்போது (இடித்துக்கொள்ள வேண்டாம், ஒருவேளை நேர்ந்தால்!) இந்த இடைவெளியைக் கவனியுங்கள். 1965 இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்றும், தொடுகைச் செய்திகள் திரளாக வந்தால் அது வலிச் செய்தியைத் தடுத்துவிடும் என்றும் கூறினர். அவர்கள் வரைந்த நுட்பங்கள் பின்னால் திருத்தப்பட்டன. ஆனால் வலி மூளைக்குப் போகும் வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. குளிர்ச் செய்தியும் இப்படி வலியை மங்கச் செய்யும்.

சீன வைத்தியம் இதை வேறு மொழியில் பேசுகிறது. காற்று, குளிர், ஈரம் மூன்றும் உடலில் புகுந்து ஓட்டத்தை அடைத்துக்கொள்வதே மூட்டு வலி என்பது அதன் கொள்கை. 'பி' என்று அதற்குப் பெயர். அடைப்பு என்று பொருள். நம் சித்த மருத்துவம் வாதம் என்கிறது. குத்துச்சண்டை ஆசான்கள் மூலிகைகளை மதுவில் ஊறவைத்துப் பூசும் வழக்கம் சீனாவில் இருப்பதுபோல, சிலம்ப ஆசான்களிடம் வர்ம எண்ணெய் இங்கே உண்டு. உடலுக்குள் ஓடும் அந்த 'ஓட்டத்தை' எந்தக் கருவியும் அளந்ததில்லை. கொள்கை அளவிடப்படவில்லை என்பதால் மருந்து வேலை செய்யாது என்று முடிவுகட்டக் கூடாது. மருந்து இதமளிக்கிறது என்பதால் கொள்கை மெய்யாகிவிடுவதும் இல்லை. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

சோதிப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல். மாத்திரை என்றால், உண்மை மாத்திரை எது, வெறும் மாவு மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாம். தைலத்தை எப்படி மறைப்பது? பக்கத்து அறையில் இருப்பவருக்கே மணம் வந்துவிடுமே! 1996 இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், இறுக்கத்தால் வரும் தலைவலிக்கு டைகர் பாம் போலி மருந்தைவிட நன்றாகவே பயன்பட்டது. மறுபுறம், உலகில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, சாலிசிலேட்டு கலந்த உறுத்தும் களிம்புகள் தசை, மூட்டு வலிக்குப் பயன்படுகின்றன என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2014 இல் கூறியது. டைக்ளோபினாக் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்து கலந்த களிம்புகளுக்குச் சான்று வலுவாக உள்ளது.

என் கருத்தைக் கேட்டால், ஓடி விளையாடிய மறுநாள் தொடை வலிக்கும் மாணவனுக்குத் தைலம் இதம்; அந்த வலி எப்படியும் சில நாளில் தானே போய்விடும். தேய்ந்துபோன முழங்காலைத் தைலம் வளர்க்காது. ஆனால் இரவில் தூக்கமின்றிப் புரளும் பாட்டிக்கு ஒரு மணி நேர அமைதி கிடைத்தால் அதை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், அல்லது அடிபட்ட இடத்தை அசைக்கவே முடியாவிட்டால், புட்டியைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்த மருத்துவத்தையே நாடுவோருக்கும், பள்ளிக்கரணையிலிருந்து தொலைவில் இல்லாத தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள்.

புட்டியைப் பரணில் வையுங்கள்

இனி மிக முக்கியமான செய்தி. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கடியிலும் மார்பிலும் தைலம் தடவும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். கற்பூரம் குழந்தையின் உடலில் சிறிதளவு சேர்ந்தாலும் வலிப்பை உண்டாக்கும். மெந்தாலை மூக்கருகே வைத்தால் பச்சிளங் குழந்தைக்கு மூச்சே தடைபடக் கூடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பூச்சு மருந்துகளில் கற்பூரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. தூய விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி குடித்தால் ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒன்றாக விழுங்கியதற்குச் சமம்; சிறு குழந்தையின் உயிரையே பறிக்கும். மிட்டாய் மணம் வீசுவதுதான் அதில் உள்ள பெரிய ஆபத்து. சீன ஊறல் தைலங்கள் சிலவற்றில் நாவி என்னும் கொடிய நஞ்சு வேரும் சேர்வதுண்டு. பூசுவதற்கென்று வைத்ததை மறதியாகக் குடித்து உயிருக்குப் போராடியவர்கள் உண்டு.

பெரியவர்களும் தைலம் தடவிய இடத்தின்மேல் வெந்நீர்ப் பையை வைக்கவோ இறுகக் கட்டுப் போடவோ கூடாது. சூட்டில் மருந்து மிகுதியாக உள்ளே போவதோடு தோலும் வெந்துவிடும். புண்ணிலும் தடவக் கூடாது.

விரலில் ஒட்டிய தைலத்தோடு கண்ணைக் கசக்கிவிட்டால்? தண்ணீரால் கண்ணை நன்றாக அலசிக்கொண்டே இருங்கள்; எரிச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கையைக் கழுவும்போது வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கற்பூரமும் மெந்தாலும் நீரில் கரைவது மிகச் சொற்பம். எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே முதலில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு விரல்களைத் துடையுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.